மச்சுவீட்டுச் சுவரில் ஓடிய ஆறு

சுவரின் உச்சியில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு காளைகள், கால்கள் மேலே இருக்க, திமில் கீழே தொங்க, அந்த ஆற்றை விட்டு அசைந்து அசைந்து வெளியே வந்தன. அவற்றின் பின்னால் ஒருவன் தலைகீழாக நடந்து வந்தான். சுவரின் அடியில், தரையை ஒட்டி, வெள்ளை மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. பொதிகை மலை தன் உச்சியைக் கீழே நீட்டிக்கொண்டு, ஈரத்துணியைக் கொடியில் போட்டதுபோல் தொங்கியது. எல்லாம் அதனதன் நிறத்தோடு இருந்தன, வெயிலில் கொஞ்சம் வெளுத்த நிறத்தோடு. இளையவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மூத்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது கதவு கொஞ்சமாகத் திறந்தது. வெளிச்சம் பாய்ந்து ஆறும் மலையும் காளைகளும் ஒரு நொடியில் அழிந்துபோயின. வாசலில் அந்தப் பெண்களின் தாய் நின்றாள். பகலில் அறையை அடைத்துக்கொண்டு என்ன படிப்பு என்று அதட்ட வந்தவள் அவள். "அம்மா, கதவச் சாத்துங்க, கதவச் சாத்துங்க" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். இருட்டில் ஆறு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

அவளை ஊரில் எல்லோரும் மச்சுவீட்டு அம்மாள் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அம்பாசமுத்திரத்தில் ஆற்றங்கரையை ஒட்டி மாடி வைத்துக் கட்டிய வீடு அப்போது அது ஒன்றுதான். மாடியை மச்சு என்பதால் வீட்டுக்கே அது பெயராகிவிட்டது. டில்லியில் ராஜாவின் பட்டாபிஷேக தர்பார் நடந்ததற்கு மறுவருஷம் நான் அந்த ஊருக்கு வந்தேன். சாத்தான்குளத்துப் பக்கம் பனங்காட்டில் பிறந்தவள். பாளையங்கோட்டை மிஷன் போர்டிங்கில் வளர்ந்து, அங்கேயே உபாத்தியாயினிப் பயிற்சி முடித்து, பெண்பிள்ளைப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலைக்கு அனுப்பப்பட்டவள். இருபது வயதுகூட நிறையவில்லை. வாசிப்பும் கணக்கும் மற்றவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது பொருட்பாடம். இன்றைக்கு விஞ்ஞானம் என்று சொல்கிறார்களே, அதற்கு எங்கள் நாளில் அதுதான் பெயர். ஒரு பொருளைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, தொடவும் முகரவும் உடைக்கவும் விட்டு, அதிலிருந்து பாடம் எடுக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த ஓலைப்பெட்டி ஒன்றில் என் பாடமெல்லாம் அடங்கிவிடும்: ஒரு காந்தம், ஓரம் உடைந்த பட்டகக் கண்ணாடி, சூரியனைக் குவித்து வைக்கோலைக் கொளுத்தும் பூதக்கண்ணாடி, முளைவிட்ட மொச்சை, கொஞ்சம் மெழுகு, கொஞ்சம் நூல்.

பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கும் வயதில் காணாமல் போய்விடுவார்கள். அதுதான் அந்தப் பள்ளிக்கூடத்தின் வழக்கம். ஒருநாள் இருந்த இடத்தில் மறுநாள் பாய் வெறுமையாகக் கிடக்கும். "பெரிய மனுஷி ஆயிட்டா டீச்சர்" என்று பக்கத்தில் இருப்பவள் காதோடு சொல்வாள். மச்சுவீட்டு மூத்தவள் அப்படிப் போனாள். அடுத்த பங்குனிக்குள் இளையவளும் போனாள். அதற்குப் பிறகு ஒரு நாள் அந்த வீட்டு வேலைக்காரப் பெண் பள்ளிக்கூடத்து வேலிப்பக்கம் வந்து நின்று, அம்மா கூப்பிடுவதாகச் சொன்னாள். பிள்ளைகள் வீட்டில் இருந்தே படிக்க வேண்டும், டீச்சர் வந்து சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டு அனுப்பியிருந்தாள். பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்கார மிஸியம்மாள் சம்மதித்தார்கள். அப்படித்தான் வாரத்தில் சில மத்தியானங்கள் நான் அந்த வீட்டுப் பின்வாசல் வழியாகப் போகத் தொடங்கினேன்.

பின்கட்டில் எனக்கென்று தனியாக ஒரு பாய் இருக்கும். பிள்ளைகளின் பாய்க்கும் அதற்கும் நடுவே ஓர் இடைவெளி. நான் எழுந்து போன பிறகு அந்த இடத்தில் தண்ணீர் தெளிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பி வந்தபோது தரை ஈரமாக இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மச்சுவீட்டு அம்மாள் தூணுக்கு அப்பால் உட்கார்ந்து, காய் நறுக்குவதுபோலவோ பூக் கட்டுவதுபோலவோ இருந்துகொண்டு, பாடம் முழுவதையும் கேட்பாள். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது இருக்கும். நல்ல உயரம், குரல் மட்டும் சின்னக் குரல், தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல. ஆழ்வார்திருநகரியில் பிறந்தவள். மஞ்சள் துணி மறைத்த கூண்டு வண்டியில் சிறு பிள்ளையாக இந்த வீட்டுக்கு வந்து இறங்கினாள். அதன்பிறகு தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போனது, வந்தது, எல்லாம் அதே கூண்டுக்குள், அதே திரைக்குள். அந்த வீட்டுப் பெண்கள் வாசல்படி தாண்டுவதில்லை. குளிக்கவும் குடிக்கவும் முற்றத்திலேயே கிணறு. வீட்டின் பின்சுவருக்கு அப்பால் ஆறு. மழைக்காலத்தில் அதன் இரைச்சல் அடுக்களைவரை வரும். "சத்தம் மட்டும் கேக்கும் டீச்சரம்மா. பக்கத்து வீட்டுக்காரிய மூஞ்சி பாக்காமலே வருஷக்கணக்காப் பழகினாப்புல" என்று ஒருமுறை அவள் சொன்னாள்.

பெண்கள் இருவரும் என்னிடம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது படவிளக்கு. பள்ளிக்கூடத்தில் அப்படி ஒன்று இருந்தது. கண்ணாடித் தகட்டில் எழுதிய படத்தை மண்ணெண்ணெய் விளக்குக்கு முன்னால் செருகினால், எதிரே கட்டிய வேட்டியில் ஆள் உயரத்துக்கு அது விழும். கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டும் வெளியே எடுப்பார்கள். மிச்ச நாளெல்லாம் மிஸியம்மாளின் அலமாரியில் பூட்டியிருக்கும். அதை ஒரு வீட்டுக்கு எடுத்துப்போக நான் கேட்டபோது, முடியாது என்ற பதில் முன்பே தயாராக இருந்ததுபோல் வந்தது. எனக்கு ஆத்திரமாக இருந்தது. அந்த ஆத்திரத்தில்தான் பயிற்சிப் பள்ளியில் படித்த ஒளிப்பாடம் ஞாபகத்துக்கு வந்தது. இருட்டறை ஒன்றும், ஒரு சின்னத் துளையும், வெளியே நல்ல வெயிலும் இருந்தால் போதும். விளக்கு வேண்டாம், கண்ணாடி வேண்டாம். மச்சின் கிழக்கு அறையில் பழைய பாத்திரங்களும் நெல் குதிரும் வைத்திருந்தார்கள். ஆற்றைப் பார்த்த அதன் ஒரே சன்னல் எந்நேரமும் அடைத்தே கிடக்கும். கதவுப்பலகையில் மரத்தின் கணு ஒன்று உதிர்ந்து, மொச்சைப் பயறு நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. நான் செய்ததெல்லாம் மற்ற இடுக்குகளைச் சாணத்தால் அடைத்ததுதான். எதிர்ச்சுவர் ஏற்கெனவே வெள்ளையடித்த சுவர்.

அன்றைக்கு உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகு மச்சுவீட்டு அம்மாள் சுவரையே பார்த்து நின்றாள். கண் இருட்டுக்குப் பழகப் பழகப் படம் துலங்கும். அவளுக்கு இன்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் துலங்கிக்கொண்டிருந்தது. துறையில் யாரோ துணி துவைத்தார்கள். கை ஓங்குவது சுவரில் தெரிந்தது. கல்லில் அடிபடும் சத்தம் சன்னலுக்கு வெளியே இருந்து வந்தது. அந்தச் சத்தமும் அந்தக் கையும் ஒன்றுதான் என்று புரிந்தபோது அவள் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது.

"இது இப்பம் நடக்குதா? இல்ல, எப்பமோ நடந்ததா?"

"இப்போ நடக்கிறதுதாம்மா."

"நாம பாக்கது அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. வெளிச்சம் அங்கேயிருந்து இங்கே வருது. நம்ம பக்கம் இருட்டு. அவங்களுக்கு இது ஒரு அடைச்ச சன்னல், அவ்வளவுதான்."

அவள் தரையில் உட்கார்ந்தாள். என் பக்கத்தில், என் பாயிலேயே உட்கார்ந்தாள். இருட்டில் எந்தப் பாய் யாருடையது என்று அவள் பார்க்கவில்லை. அல்லது பார்த்தாளோ என்னவோ. அந்த அறையில் அதற்குப் பிறகு ஒருநாளும் இரண்டு பாய் விரிக்கப்படவில்லை.

மாசியிலிருந்து வைகாசி வரை, வெயில் ஏறியிருந்த அந்த மத்தியானங்களைப்போல் நான் என் வாழ்நாளில் வேறெங்கும் கண்டதில்லை. கீழே வீடு உண்டுவிட்டு உறங்கும். மேலே, நெல் வாசனை அடிக்கும் அறையில், நாங்கள் நான்கு பெண்கள் ஆற்றின் அடியில் உட்கார்ந்திருப்போம். பாடமும் நடக்காமல் இல்லை. ஏன் தலைகீழாக விழுகிறது என்று காட்ட, ஓலைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் துளை போட்டு, மறுபக்கத்தில் எண்ணெய் தடவிய காகிதம் ஒட்டி, சிவப்பு நூலும் வெள்ளை நூலும் அந்தத் துளை வழியாக இழுத்துப் பிடித்தோம். மேலே இருந்து வரும் நூல் கீழே போய்ச் சேர்ந்தது. கீழே இருந்து வந்தது மேலே போனது. வெளிச்சத்துக்கு வளையத் தெரியாது என்பதை மூத்தவள் தானாகவே சொல்லிவிட்டாள். துளையை மெழுகால் குறுக்கினால் படம் கூர்மையாகிறது, ஆனால் மங்குகிறது. அகலமாக்கினால் பளிச்சிடுகிறது, ஆனால் கலங்குகிறது. இளையவள் கரித்துண்டால் சுவரில் மலையின் ஓரத்தைத் தடவித் தடவி வரைந்தாள். மறுநாள் அதே நேரத்தில் மலை அந்தக் கோட்டிலேயே வந்து அமர்ந்தது. மேகம் மட்டும் வேறாக இருந்தது. "மல நம்ம சொன்ன பேச்சுக் கேக்கு" என்று சிரித்தாள்.

மச்சுவீட்டு அம்மாள் எதையும் வரையவில்லை, நூலையும் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருப்பாள். நடுவே, தூக்கத்தில் பேசுகிறவள்போல, எதையாவது சொல்வாள். திருநகரியில் சின்ன வயதில் ஆற்றில் நாணல் பிடுங்கியது, மணலில் ஊற்றுத் தோண்டி அந்தத் தண்ணீரில் முகம் பார்த்தது. இங்கே ஓடுகிற தண்ணீர்தானே அங்கேயும் போய்ச் சேரும் என்று ஒருநாள் கேட்டாள். ஆமாம் என்றேன். சுவரில் திசை புரண்டு கிழக்கிலிருந்து மேற்காக நகர்ந்துகொண்டிருந்த ஒரு வாழைமட்டையை, அது விளிம்பில் மறையும்வரை, கண்ணால் வழியனுப்பினாள். வருஷா வருஷம் அவள் தம்பி தை மாதத்தில் கரும்பும் மஞ்சளும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவானாம். வாசற்கதவுக்கு உள்ளே நின்று "போய்ட்டு வா" என்று சொல்வதோடு சரி. "இனிமே வந்தாம்னா, ஆத்தத் தாண்டுத வரைக்கும் பாக்கலாம்" என்றாள்.

அவள் கேட்ட ஒரு கேள்விக்குத்தான் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கண்ணின் கருமணியிலும் ஓட்டைதானே இருக்கிறது என்றாள். ஆமாம், அதன் வழியாகத்தான் வெளிச்சம் உள்ளே போகிறது என்றேன். "அப்பம் கண்ணுக்குள்ளயும் தலகீழாத்தான் விழும்? யாரு அத நேராத் திருப்புதா?" அந்த வாரம் பாளையங்கோட்டைக்குப் போனபோது பழைய பாடபுத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். கண்ணுக்குள் எல்லாம் தலைகீழாகவே விழுகிறது. திருப்புவது யார் என்று மட்டும் புத்தகம் மழுப்பியிருந்தது. மனம் பழக்கத்தால் நேராக்கிக்கொள்கிறது என்று ஒரு வரி. திரும்பி வந்து அதைச் சொன்னேன். "பழக்கந்தானா?" என்றாள்.

வேலைக்காரப் பெண் ஒருநாள் தண்ணீர்ச் செம்போடு மேலே வந்தவள், சுவரைப் பார்த்துவிட்டுச் செம்பைக் கீழே போட்டாள். அவளையும் உட்காரவைத்துக் காட்டினோம். அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை அவள் துறைக்குக் கொண்டுபோனாள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. துறையில் பெண்கள் வாயிலிருந்து ஆண்கள் காதுக்குப் போய், கடைத்தெருவுக்கு வந்து சேர்வதற்குள் கதை வேறாகிவிட்டது. மிஷன் டீச்சர் மாயக்கண்ணாடி ஒன்று கொண்டுவந்து வைத்திருக்கிறாள்; மச்சுவீட்டுப் பெண்கள் அதில் ஆண்கள் குளிப்பதைப் பார்க்கிறார்கள்.

அந்த வீட்டுப் பண்ணையார் முரடர் அல்ல. அதிகம் பேசாதவர்; பேச வேண்டியவற்றை ஆட்களிடம் வயலிலேயே பேசித் தீர்த்துவிட்டு வருகிறவர் என்று தோன்றும். அன்றைக்கு அவர் மச்சுப்படி ஏறி வரும் சத்தத்திலேயே எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கதவை விரியத் திறந்தார். சுவர் வெறும் சுவராயிற்று. நான் எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்தார்.

"ஊர்ல என்ன பேசுதானுவன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாது. ஊரு பேசுதது இங்க கேக்காது" என்றாள் அவள். சின்னக் குரல்தான். ஆனால் பிள்ளைகளுக்கும் எனக்கும் முன்னால் அவள் அவருக்குப் பதில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "கதவச் சாத்திட்டு ஒரு நேரம் இங்கன உக்காந்து பாருங்க. ஒவ்வொரு ஆளும் வெரல் தண்டி இருக்காக. மூஞ்சிகூடத் தெரியாது."

"மூஞ்சி தெரிஞ்சா என்ன, தெரியாட்டா என்ன? பாக்கீகள்லா?"

"பாக்கோம்" என்றாள்.

அவர் உட்காரவில்லை. என் பக்கம் திரும்பி, "டீச்சரம்மா, ஒங்கள ஒண்ணும் சொல்லல. புள்ளைகளுக்கு ஏட்டுல உள்ளதச் சொல்லிக் குடுக்கத்தான் கூப்பிட்டோம். இனிமே வேண்டாம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் படியிறங்கும்போதே கீழே ஆசாரியைக் கூப்பிடும் குரல் கேட்டது. தெருமுனை வரும்வரை ஆணி அடிக்கும் சத்தம் என்னோடு வந்தது.

பள்ளிக்கூடத்துக்கும் பேச்சு வந்து சேர்ந்தது. மிஸியம்மாள் கோபப்படவில்லை, வருத்தப்பட்டார்கள், அது அதைவிடக் கனமாக இருந்தது. இந்த ஊரில் பெண்பிள்ளைகளை அனுப்புவதே சிலர்தான், அவர்களும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்றார்கள். என்னைப் பாளையங்கோட்டைக்கே மாற்றினார்கள். ஓலைப்பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு ரயிலுக்குக் காத்திருந்த நாளில் வேலைக்காரப் பெண் மறுபடியும் வேலிப்பக்கம் வந்தாள், இந்தத் தடவை அழுதுகொண்டு. தன்னால்தான் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் கொண்டுவந்த செய்தி இது: அம்மாளின் தாய்க்கு உடம்பு சரியில்லை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருநகரிக்குப் புறப்படுகிறார்கள், பாளையங்கோட்டை வழியாகத்தான் வண்டி போகும், டீச்சரம்மா தங்களோடுதான் வர வேண்டும். ரயில் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தாலும் அந்த வீட்டுப் பெண்கள் அதில் ஏறுவதில்லை. பண்ணையார் இதற்கு எப்படிச் சம்மதித்தார் என்று எனக்குத் தெரியாது. "ரெண்டு கொமரு, தொலைவழி, நான் ஒத்தையில சமாளிக்க மாட்டேன்னு சொன்னேன். ஒங்கள மாத்தினதுல அவுகளுக்கும் மனசுக்குள்ள ஒரு இது இருக்கு" என்று பிற்பாடு அவள் சொன்னாள்.

விடியலில் புறப்பட்டோம். மூங்கில் பாய் வளைத்த பெரிய கூண்டு வண்டி. முன்னும் பின்னும் கனத்த திரை. பண்ணையார் மட்டக்குதிரையில் கூடவே வந்தார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது சக்கரத்தின் ஓசை மாறியது. கீழே தண்ணீர் இருக்கிறது என்று அதை வைத்துத்தான் தெரிந்தது. கல்லிடைக்குறிச்சியைத் தாண்டி, வெயில் ஏறத் தொடங்கியபோது, மச்சுவீட்டு அம்மாள் கொண்டையிலிருந்து ஊசி ஒன்றை உருவினாள். இடதுபக்கத்துப் பாயில், தோள் உயரத்தில், அதைச் செருகித் திருகினாள். மூங்கில் கீற்று இரண்டு விலகின. பிறகு மூட்டையை அவிழ்த்து, தன் தாய்க்கென்று எடுத்து வைத்திருந்த கோடிப் புடவையை, வெள்ளைப் புடவையை, எடுத்து இளையவளிடம் ஒரு முனையையும் மூத்தவளிடம் ஒரு முனையையும் கொடுத்தாள். அவர்கள் வலப்பக்கம் சாய்ந்து அதைப் பிடித்துக்கொண்டார்கள். நான் இரண்டு திரைகளின் ஓரத்தையும் ஜமக்காளத்தால் அடைத்தேன்.

முதலில் பச்சைப் புகைபோல ஏதோ ஓடியது. கண் பழகியதும் அது நாற்று என்று தெரிந்தது. வயல்கள் கூரையில் ஓடின. தென்னைகள் வேரை மேலே ஊன்றிக் கீற்றுகளைக் கீழே விசிறின. மச்சுச் சுவரில் மலை நின்ற இடத்தில் நின்றது, இங்கே உலகம் முழுவதும் நகர்ந்தது. அதுவும் வண்டியை விட்டுப் பின்னால் போகவில்லை. துளை எல்லாவற்றையும் புரட்டிவிடுவதால், வண்டி போகும் திசையிலேயே எங்களுக்கு முன்னே முன்னே ஓடியது, எங்களைத் திருநகரிக்கு அழைத்துப்போக அவசரப்படுவதுபோல. ஒரு கோயில், ஒரு வாய்க்கால், வரிசையாக நாரைகள், கதிரடிக்கும் களம், யாரோ ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு. வண்டி குலுங்கும்போது புடவை அலையும்; வயலும் தென்னையும் அதோடு சேர்ந்து அலையும். நான் விழித்துக்கொண்டு கனவு கண்டது அந்த ஒரு காலைதான் என்று சொன்னால் மிகையில்லை.

அதில் மாறாமல் ஓரிடத்திலேயே இருந்தது குதிரை மட்டும். வண்டிக்கு இணையாக வந்ததால், ஓடுகிற வயல்களுக்கு நடுவே அது நின்ற இடத்தில் நடந்தது. அதன்மேல் பண்ணையார் தொங்கினார். எதிரே வந்த கிழவர் ஒருவரைக் கண்டு, வண்டியையும் நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கி, அவர் தலைச்சுமையைப் பிடித்து இறக்கிவைத்து, ஏதோ கேட்டுச் சிரித்தார். வாய் நிறையச் சிரித்தார். சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல்லை ஒரு பையனைப்போலத் தட்டிவிட்டு வந்தார். வண்டிக்காரனுக்குத் தன் கையாலேயே வெற்றிலை மடித்துக் கொடுத்தார். மச்சுவீட்டு அம்மாள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, வேறெதையும் பார்க்காமல் அவரையே பார்த்தாள்.

"வெளிய இவுக வேற ஆளா இருக்காக, டீச்சரம்மா" என்றாள்.

அவர் குதிரையில் மறுபடி ஏறப் போனபோது தலைப்பாகை அவிழ்ந்து விழுந்தது. எங்கள் புடவையில் அது மேல்நோக்கி விழுந்தது. இளையவளால் அடக்க முடியவில்லை. அவள் சிரிக்க, மூத்தவள் சிரிக்க, தாயும் சிரித்துவிட்டாள். திரை விலகியது. வெளிச்சம் உள்ளே கொட்டியது.

"என்ன சத்தம்?" என்றார். நீட்டிப் பிடித்த வெள்ளைப் புடவையைப் பார்த்தார். பிறகு அவர் கண் பாயில் துளையைத் தேடிக் கண்டுபிடித்தது. முகம் கறுத்தது.

மச்சுவீட்டு அம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். "உள்ள ஏறி வாங்க" என்றாள். "ஒரு தடவ உக்காந்து பாருங்கன்னு அன்னைக்கும் சொன்னேன். இன்னைக்கும் சொல்லுதேன். பாத்துட்டு அடைங்க."

என்னவோ, அவர் ஏறினார். குதிரையை வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டு, குனிந்து உள்ளே வந்து, எங்களுக்கு நடுவே உட்கார்ந்தார். திரையைச் சாத்தினோம். வண்டி நகர்ந்தது. வயல்கள் திரும்பி வரத் தொடங்கின. உடனே அவர் கையை நீட்டி விரலால் துளையை அடைத்தார். எல்லாம் போய்விட்டது. அந்த இருட்டில் ஐந்து பேர் மூச்சு விடுவதும் சக்கரம் உருளுவதும்தான். எவ்வளவு நேரம் அப்படிப் போனோமோ. "அப்பா" என்று இளையவள் கெஞ்சினாள், "விரலப் பைய எடுங்க அப்பா."

எடுத்தார். அந்த நேரத்தில் சாலை ஆற்றை ஒட்டித் திரும்பியிருந்தது. கூரை முழுவதும் தண்ணீர் மின்னிக்கொண்டு ஓடியது. அவர் அதையே பார்த்தார். பிறகு பக்கத்தில் திரும்பி, அந்தத் தண்ணீரின் வெளிச்சம் விழுந்திருந்த மனைவியின் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் புடவையைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் தாய் அந்தத் தடவை பிழைத்துக்கொண்டாள். மூத்தவளுக்கு அடுத்த தையில் கல்யாணம். இளையவளை ஒரு வருஷம் கழித்துப் பண்ணையாரே பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். ஊர் அதற்கும் பேசியது. அவள் பின்னாளில் பொருட்பாடமே எடுத்தாள், என்னைவிட நன்றாக. மச்சு அறையின் ஆணிகளைப் பிடுங்கினார்களா என்று நான் கேட்கவில்லை, இளையவளும் சொல்லவில்லை. நான் ஓய்வு பெறும்போது பள்ளிக்கூடத்துக்குப் படம் ஓட்டும் மெஷின் வந்துவிட்டது. மண்புழுவும் எரிமலையும் சந்திர கிரகணமும் சுருளில் வருகின்றன. எல்லாம் நேராகத் தெரிகின்றன, பின்னால் ஒரு குரல் விளக்கமும் சொல்கிறது. நல்ல காரியம். இருட்டுக்குக் கண் பழகும்வரை பொறுத்திருக்க மட்டும் பிள்ளைகளுக்கு இப்போது அவசியமில்லை.

ஆனால் அந்த வண்டிப் பயணத்து மத்தியானம் இன்னும் மிச்சமிருக்கிறது. சேரன்மாதேவிக்குக் கொஞ்சம் முன்னால், மருதமரங்கள் அடர்ந்த ஓரிடத்தில், பண்ணையார் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி நாலு பக்கமும் பார்த்தார். காளைகளை அவிழ்த்துத் தூரத்தில் தண்ணி காட்டிவிட்டு வா என்று வண்டிக்காரனை அனுப்பினார். உச்சிவெயிலில் துறையில் ஆள் இல்லை. பின்திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி, "எறங்கு. நேராவே பாத்துக்கோ" என்றார்.

அவள் நம்பவில்லை. என்னைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு காலைக் கீழே வைத்தாள். மறு காலையும் வைத்தாள். நிமிர்ந்தவள் சட்டென்று வண்டிச் சக்கரத்தைப் பற்றிக்கொண்டாள். மயக்கம் என்று நினைத்து நான் குதித்து இறங்கித் தாங்கினேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். திறந்தாள், ஆற்றைப் பார்த்தாள், மறுபடி மூடிக்கொண்டாள். அவள் உதடு சிரித்தது.

"எல்லாம் தலகீழா இருக்கே, டீச்சரம்மா" என்றாள்.

பிறகு என் கையை விட்டுவிட்டு, சுடுமணலில் மெல்ல நடந்து, தண்ணீருக்குள் இறங்கினாள். கணுக்கால், முழங்கால், புடவை நனைந்து மிதக்கும் அளவு. இளையவள் ஓடிப்போய் அவளருகே நின்றாள், மூத்தவள் கரையில் உட்கார்ந்து காலை நனைத்தாள். பண்ணையார் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாராவது வருகிறார்களா என்று சாலையையே பார்த்து நின்றார், காவல்காரன்போல. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அங்கன நின்னு யாரப் பாக்கீக? இங்கன வாங்க" என்று கூப்பிட்டாள். அந்தச் சின்னக் குரல் திறந்த வெளியில் எவ்வளவு பெரிதாக இருந்தது. "தண்ணி குளுந்து கெடக்கு."

அவர் சாலையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார்.